ஏப்ரல் ஒன்றாம் தேதி பனிமலையிலிருந்து பறந்தவன்

பரீட்சைத் தாளைத் தயாரித்த அந்தப் பெரிய மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. புதுச்சேரியில் பிறந்து, புதுச்சேரியிலேயே வேர்த்து, பனிக்கட்டி என்றால் மீன் மார்க்கெட்டில் மரத்தூளுக்கு அடியில் கிடக்கும் சமாச்சாரம் என்று மட்டும் அறிந்த பதினோரு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பனிமலை உச்சியிலிருந்து மனுஷன் பறக்கிற கதையைக் கையில் கொடுத்து, இதைத் தமிழில் எழுது என்றால் என்ன நியாயம்? அதுவும் ஏப்ரல் மாதம் ஒன்றாம் தேதி. அதுவும் நான் இருக்கிற அறையில்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் கப்பல் ஏறி ஆறு வருஷம் ஆகியும் அவன் காகிதம் கப்பல் ஏறவில்லை. நிலப் பத்திரம், பிறப்புப் பதிவு, கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாம் பிரெஞ்சில்தான் கிடந்தன. அவற்றைத் தமிழாக்குவதற்கு எங்கள் ஆபீசில் பதினோரு பேர் இருந்தோம். பழைய ஆட்சியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அறுபதாம் வருஷம் திடீரென்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் ஒரு பரீட்சை எழுத வேண்டும். தேறினால் அதே நாற்காலி. தேறாவிட்டால் சாதாரண குமாஸ்தாவாக எங்கே இடம் காலியோ அங்கே போக வேண்டும். இடம் காலியாக இருந்தது ஏனாமில் மட்டும்.

ஏனாம் நம்முடைய ஊர்தான், பேச்சுக்கு. ஆனால் கோதாவரி ஓரத்தில், தெலுங்கு தேசத்து நடுவில், இரண்டு நாள் பயணத்தில் இருக்கிறது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. விழுப்புரத்துக்கு ரயிலில் போனாலே வயிறு கலங்கும். எனக்குத் தெரிந்த தெலுங்கு இரண்டு வார்த்தைகள். இரண்டும் பெண்கள் எதிரில் சொல்லக்கூடியவை அல்ல. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. எங்கள் பெண்கள் இரண்டு பேரும் இங்கே படிக்கிறார்கள், அதனால் தான் வர முடியாது என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க போய் நல்லபடியா இருங்க. எங்களப் பத்திக் கவலப்படாதீங்க,” என்றாள். பரீட்சையே இன்னும் நடக்கவில்லை. அதற்குள் என்னை ரயிலேற்றிவிட்டாள்.

அன்று முதல் நான் படித்தேன் பாருங்கள். நாற்பத்தாறு வயதில் பிரெஞ்சு வினைச்சொற்களை வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டே கிணற்றடியில் குளித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினேன். ஒரு நாள் ஆபீசுக்கு இரண்டு காலுக்கும் இரண்டு வகைச் செருப்போடு போனேன். எல்லோரும் அதையும் என் வேடிக்கை என்றே நினைத்துச் சிரித்தார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பயந்தவன் என்று தெரிவதைவிடக் கோமாளி என்று தெரிவது மேல்.

ஆமாம், ஆபீசில் நான் கோமாளிதான். அதற்கு என்று ஒரு நாளும் வைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஏப்ரல் ஒன்றாம் தேதி காகிதத்தில் மீன் வெட்டி ஒருவருக்குத் தெரியாமல் அவர் முதுகில் ஒட்டிவிட்டுச் சிரிப்பார்கள். பொய்ச் சேதி சொல்லி நம்பவைத்தாலும் அதற்குப் பெயர் ஏப்ரல் மீன்தான். அவர்கள் போன பிறகும் எங்கள் ஆபீசில் அந்த மீன் நீந்திக்கொண்டுதான் இருந்தது. நீந்தவிட்டவன் நான். பரீட்சைக்கு முந்தின வருஷம், அரசாங்க முத்திரை போலவே ஒன்றைத் தாளில் பதித்து, ஊழியர்கள் தங்கள் குடையை விரித்து அகலம் அளந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு உத்தரவு தட்டச்சு செய்து ஒட்டினேன். எங்கள் தலைமைக் குமாஸ்தா தாழ்வாரத்தில் குடையை விரித்து வைத்துக்கொண்டு தையல்காரரின் நாடாவால் அளந்தார். இரண்டு தடவை அளந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. அடுத்த வருஷம் இதே தேதியில் உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன் என்று மட்டும் அமைதியாகச் சொன்னார்.

பரீட்சை அடுத்த வருஷம் அதே தேதியில் வந்தது. மேற்பார்வைக்கு நின்றவர் அதே தலைமைக் குமாஸ்தா.

வெள்ளிக்கிழமை காலை. ஒரு பள்ளிக்கூட அறை. குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் எங்கள் தொப்பைகளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தோம். தாள் வந்தது. சொத்துப் பாகப்பிரிவினையோ, எல்லைத் தகராறோ இருக்கும் என்று நினைத்துப் படித்தேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களின் கடைசி நாள் என்று தொடங்கியது. ஒரு மலையின் மேலிருந்து பனியில் சரிவான பாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். வீரன் தன் உயரத்தைவிட நீளமான இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு உச்சியில் நிற்கிறான். கூட யாரும் கிடையாது, ஒருவன் போன பிறகுதான் அடுத்தவன். குந்தின நிலையில் அந்தச் சரிவில் பாய்ந்து வருகிறான். சரிவு நடுவில் வெட்டினாற்போல் முடிந்துவிடுகிறது. அவன் நிற்கவில்லை. அங்கிருந்து எகிறி, கைகளை முன்னால் நீட்டி, மூக்கு பலகையின் நுனியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, காற்றின்மேல் படுத்தாற்போல் பறக்கிறான். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக முழங்காலை மடித்து இறங்க வேண்டும். கை தரையில் பட்டால் போச்சு.

இதுவரை கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு வந்தது நடுவர் கதை. பக்கத்தில் ஒரு கோபுரத்தில் ஐந்து நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். எவ்வளவு தூரம் பறந்தான் என்பது மட்டும் போதாதாம், எவ்வளவு அழகாகப் பறந்தான் என்று ஐந்து பேரும் மதிப்பெண் போடுவார்களாம். போட்ட பிறகு, அந்த ஐந்தில் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மிச்சம் மூன்றைத்தான் கூட்டுவார்களாம். இப்படி ஆளுக்கு இரண்டு தடவை பறந்த பிறகு ஒரு ஜெர்மானியர் முதலாவதாக வந்தாராம், பின்லாந்துக்காரர் இரண்டாவதாம், ஆஸ்திரியாக்காரர் மூன்றாவதாம்.

தாளை வைத்துவிட்டு மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்த்தேன். மீன் இல்லை. தலைமைக் குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறும்பு செய்தவன் எப்போதும் மரத்தைத்தான் பார்ப்பான். நானே அந்த மரத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

எனக்குள் ரத்தம் கொதித்தது. இவ்வளவு மட்டமான மீனையா எனக்கு வைப்பது? கலிபோர்னியாவை நான் சினிமாவில் பார்த்திருக்கிறேன். குதிரை, தொப்பி, தூசி, ஆரஞ்சுத் தோட்டம். அங்கே பனி எங்கிருந்து வந்தது? அதிகமான மதிப்பெண்ணை எடுத்துத் தூரப் போடுகிற நடுவனை எந்த ஊர் பெற்றது? பிழைப்பு போய்விடுமோ என்று ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்தவனுக்கு இப்படி ஒரு பொய்யைக் கொடுத்துச் சிரிக்கப் பார்க்கிறார்களே என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. நிஜமான தாள் பிறகு வரும், முதலில் இதற்குப் பதிலடி கொடுப்போம் என்று பேனாவைத் திறந்தேன்.

பயத்தில் இருக்கிறவனுக்குக் கோபம் வந்தால் எழுத்து நன்றாக ஓடும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். மலையைத் தூக்கி எறிந்தேன். எங்கள் ஊர்க் குருசுக்குப்பத்துக் கடற்கரையில், பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலாம் தேதி தேசியக் கொண்டாட்டத்தில், சாய்த்து நிறுத்திய ஒரு தோணிப் பலகைமேல் ஓடி வந்து கடலில் குதிக்கிற பந்தயம் என்று வைத்தேன். ஐந்து நடுவர்களும் நகரசபை உறுப்பினர்கள், நாற்காலி போட்டு மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழகாகக் குதிக்கிறவனுக்கு மதிப்பெண். அதிகமாகப் போட்டவர் குதித்தவனுக்குத் தாய்மாமன் என்பதால் அவருடையதைத் தள்ளிவிட்டார்கள். குறைவாகப் போட்டவர் எதிர்க்கட்சி என்பதால் அவருடையதையும் தள்ளிவிட்டார்கள். மிச்சம் மூன்று பேர் தூங்கிவிட்டபடியால் அவர்கள் நியாயமானவர்கள் என்று முடிவாயிற்று. கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நிஜமான தாளுக்காகக் காத்திருந்தேன்.

மணி அடித்தது. தாள்களை வாங்கிக் கட்டினார்கள். அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். இன்னொரு தாள் வரவில்லை.

வெளியே வந்ததும் எனக்குப் பக்கத்து மேஜைக்காரன் ஒட்டிக்கொண்டான். என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன், நெட்டையும் ஒல்லியுமாக இருப்பான். இரண்டு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் என்னைவிட ஒரு படி அதிகம் பயந்திருந்தவன்.

“யோவ், அந்தப் பலகைக்கு இன்னா போட்ட நீ? நான் பனிச்சறுக்குப் பலகைன்னு போட்டுட்டேன். சரியா வருமா?”

நடிக்கிறான் என்று நினைத்தேன். எல்லாம் எனக்குத் தெரியும், மீனைப் பிடித்துவிட்டேன், நடிக்காதே என்றேன். அவன் முகம் மாறவில்லை. எந்த மீன் என்று கேட்டான். நான் எழுதியதைச் சொன்னேன். குருசுக்குப்பம் வரைக்கும் கேட்டான். தாய்மாமன் வந்ததும் நடையை நிறுத்திவிட்டான்.

“அட பாவி. அது நெசம்யா. படம் போட்டு வந்துருக்குது, வா காட்டுறேன்.”

பிரெஞ்சுப் பத்திரிகைகள் வரும் வாசகசாலைக்கு என் கையைப் பிடித்து இழுத்துப் போனான். கப்பலில் வந்து சேர்ந்த ஒரு மாதத்துப் பழைய வாரப்பத்திரிகை. விரித்து மேஜையில் போட்டான்.

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம். வானம். வானத்தில் ஒரு மனிதன். காலடியில் இரண்டு பலகைகள், உடம்பு அவற்றின்மேல் சாய்ந்து கிடக்கிறது, இரண்டு கைகளும் எதையோ வாங்கிக்கொள்ளப் போவதுபோல் முன்னால் நீண்டிருக்கின்றன. கீழே, மிகக் கீழே, மிளகு சிந்தினாற்போல் ஜனங்கள். அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். பயம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. நான் முனிசிபல் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஐந்தாம் படியில் நின்று அழுதவன். ஒரு பக்கம், இப்படி ஒருத்தன் இருக்கிறானே என்று ஆச்சரியப்பட்டேன். இன்னொரு பக்கம், இவன் இருக்கிறபடியால் நான் ஏனாமுக்குப் போகிறேன் என்று புரிந்தது. வாசகசாலை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தேன்.

அடுத்த பத்து நாட்களில் நான் செய்தவற்றைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. தாள் கட்டு வைத்திருந்த அறைப் பக்கம் தேவையில்லாமல் பதினைந்து தடவை நடந்தேன். தலைமைக் குமாஸ்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் போய், எதற்கு என்று அவர் கேட்டதும் குடைக்காக என்று சொல்லித் திரும்பினேன். பத்திரிகையில் அந்தச் செய்தியை மறுபடி மறுபடி படித்தேன். இப்போது தாள் கொடுத்தால் ஒரு சொல் பிசகாமல் எழுதுவேன். அந்த ஜெர்மானியர் முதல் தடவை பறந்துவிட்டு இரண்டாம் தடவைக்காக மறுபடி உச்சிக்கு ஏறிப்போய் நின்றாரே, அந்த நிற்றலை நினைத்தே ராத்திரி தூக்கம் போயிற்று. அவருக்கு இரண்டாம் தடவை என்று ஒன்று இருந்தது. எனக்கு எங்கே?

பதினோராம் நாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மதராசிலிருந்து புதிதாக வந்தவர். நல்ல தமிழ், நல்ல இங்கிலீஷ், பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. தாளைத் தயாரித்த பிரெஞ்சு வாத்தியார் கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு பச்சைத் துணி கட்டிப் படுத்திருந்ததால், தமிழை மட்டும் வைத்து இவரே திருத்தியிருக்கிறார். இது எனக்கு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

உட்காரச் சொன்னார். எங்கள் ஆபீசில் உட்காரச் சொன்னால் வேலை போயிற்று என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

அவர் சிரித்தார். பதினோரு தாளில் தமிழ் மாதிரி இருப்பது என்னுடையது ஒன்றுதான் என்றார். படிக்கப் படிக்கக் கண் முன்னால் தெரிகிறதாம். அதிக மதிப்பெண்ணையும் குறைந்த மதிப்பெண்ணையும் ஏன் தள்ளினார்கள் என்பதற்குத் தக்க காரணம் எழுதியிருப்பவனும் நான் ஒருவன்தானாம். முதல் இடம் எனக்கு என்றார். ஏனாம் என்கிற ஊர் வரைபடத்திலிருந்தே அழிந்தது போலிருந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று பாதி எழுந்தும்விட்டேன்.

அப்போதுதான் அவர் மற்ற பத்துத் தாள்களை எடுத்தார்.

“இவங்களப் பாருங்க. காலில பலகை கட்டினானாம், மலையிலேர்ந்து பறந்தானாம். பனியில சறுக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், பறப்பாங்கன்னு எந்தப் பைத்தியக்காரன் சொன்னான்? ஒருத்தன் உளறினா தெரியாம எழுதிட்டான்னு விடலாம். பத்துப் பேரும் ஒரே உளறல், வரிக்கு வரி. காப்பி அடிச்சிருக்கானுங்க. பத்துப் பேருக்கும் மெமோ தயாராயிட்டு இருக்கு.”

சரியாக எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். ஒரே மூலத்தைப் பத்துப் பேர் பிசகாமல் மொழிபெயர்த்தால் பத்தும் ஒன்றாகத்தானே இருக்கும்? என் பக்கத்து மேஜைக்காரனுடைய தாள் மேலே இருந்தது. அவனுடைய சாய்ந்த கையெழுத்து எனக்குத் தெரியும். பனிச்சறுக்குப் பலகை என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

நான் நல்லவன் என்று இங்கே எழுதிக்கொள்ளப் போவதில்லை. பக்கத்து மேஜைக்காரனுக்காக நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றியது, திறக்கவில்லை. மெமோவுக்குப் பதில் அவர்களே எழுதிக்கொள்வார்கள், வாத்தியாருக்குக் கண் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மூளை எனக்குக் காரணம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதிகாரி அந்தத் தாளைக் கீழே போட்டுவிட்டு, “பறந்தானாம். பொய்யையாவது ஒழுங்கா சொல்லத் தெரிய வேணாமா,” என்றார்.

அதுதான் பொறுக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் நான் நினைத்த அதே வார்த்தைதான். ஆனால் இப்போது அவனை எனக்குத் தெரியும். அந்தக் கைகளைத் தெரியும். யாருடைய துணையும் இல்லாமல் உச்சியில் நின்று, இரண்டு தடவை நின்று, இரண்டு தடவை பாய்ந்தவன். அழகாக இருக்கிறதா என்று ஐந்து பேர் குறை தேடிக்கொண்டிருக்கையில் முகம் சுளிக்காமல் பறந்தவன். அவனைப் பொய் என்று, மின்சாரக் காற்றாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொல்வதா?

“அது நடந்தது சார்,” என்றேன்.

“எது?”

“பறந்தது. அவங்க பத்துப் பேரும் எழுதினதுதான் சரி. நான் எழுதினதுதான் பொய்.”

அவர் நம்பவில்லை. நான் வேடிக்கைக்காரன் என்று யாரோ அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், விளையாடாதீர்கள் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்தேன். அவருடைய மேஜைக்கு முன்னால் முழங்காலை மடித்துக் குந்தி, எகிறி, கைகளை முன்னால் நீட்டி, மூக்கு தாள்களைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து நின்றேன். இப்படித்தான் பறந்தான், இதோ இப்படி, கை தரையில் படக்கூடாது, பட்டால் மதிப்பெண் போய்விடும் என்றேன். வேட்டி அவிழ்கிறதே என்ற நினைவு கூட இல்லை. அதிகாரி மைக்கூட்டை எடுத்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டார். நான் அந்த நிலையிலேயே தாய்மாமன் பொய், எதிர்க்கட்சி பொய், தோணிப் பலகை பொய், கலிபோர்னியாவில் பனி உண்டு என்று வரிசையாகச் சொன்னேன். ஆதாரத்துக்கு வாசகசாலையிலிருந்து பத்திரிகையை வரவழைக்கச் சொன்னேன். வரவழைத்தார்.

படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பத்துத் தாள்களிலும் இருந்த சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக அடித்துக் கையெழுத்துப் போட்டார். என் தாளை எடுத்தார். அதில் அடிக்க ஒரு வட்டம் கூட இல்லை. முழுத் தாளுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோபமாகப் போடவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே போட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் போட்டார்.

பத்துப் பேரும் தேறினார்கள். நியாயமாகப் பார்த்தால் எனக்கு மாலை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உன் கூத்தால்தானே எங்களைச் சந்தேகப்பட்டார்கள் என்று மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பக்கத்து மேஜைக்காரன் மட்டும் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். “வந்துட்டுப் போ. தாய்மாமன் வரிசையில உக்கார வெக்கிறேன்,” என்றான். சிரிக்காமல் சொன்னான். அந்தக் கல்யாணத்துக்கு நான் போக முடியவில்லை. அதற்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது.

என் மனைவி படுக்கையைக் கட்டிக் கொடுத்தாள். ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றினாள். விழுப்புரம், மதராஸ், பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஸ்டேஷன்கள், கடைசியில் ஒரு பஸ். வழி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைத் தாள் தயாரித்தவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஏனாமில் என் மேலதிகாரி வயதானவர், தெலுங்கர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பிரெஞ்சுதான். மே மாதத்து வெயில், நடுப்பகல். என் உத்தரவைப் படித்துவிட்டு அவர் இரக்கத்தோடு கேட்டார்: முசியே, இருபது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரை இங்கே குமாஸ்தாவாக அனுப்பியிருக்கிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டீர்கள்?

இந்த ஒரு மனிதருக்காவது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். சொன்னேன். மலையைச் சொன்னேன், பனியைச் சொன்னேன், நீளமான பலகைகளைக் காலில் கட்டியதைச் சொன்னேன். அவன் பறந்ததையும், கோபுரத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும், அதிக மதிப்பெண்ணைத் தூரப் போட்டதையும் ஒன்று விடாமல் நல்ல பிரெஞ்சில் சொன்னேன். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மெதுவாக எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையும் அதில் இல்லை. நிழலில் ஒரு நாற்காலி போட்டார்கள். பெரிய டம்ளர் நிறைய உப்புப் போட்ட மோர் வந்தது.

பொய் சொன்னபோது முதல் இடம் கொடுத்தார்கள். நிஜத்தைச் சொன்னால் மோர் கொடுக்கிறார்கள். வந்த கோபத்தில் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன்.